இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்

குடும்பக் கோர்ட்டு டவாலி இதுவரை கூப்பிட்ட பெயர் எதுவும் எங்களுடையது இல்லை. கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறார், இரண்டு பெயர்களை ஒரே மூச்சில் சொல்கிறார், வராந்தாவின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு பேர் எழுந்து ஒரே கதவை நோக்கி நடக்கிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன நடந்தது என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே முகம்தான், பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் முகம். பினாயில் வாடை. இரும்பு பெஞ்சு முதுகில் குறுக்காக அழுத்துகிறது, நிமிர்ந்தால் ஒரு வலி, சாய்ந்தால் இன்னொரு வலி, நான் சாய்ந்தே இருக்கிறேன். எதிர்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் வாணி. கோகிலவாணி, என் மனைவி, இன்னும் சற்று நேரத்துக்கு. ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டோம், பரஸ்பர சம்மதம் என்று அதற்குப் பெயர். யோசித்துப் பாருங்கள் என்று ஆறு மாதம் விடுகிறார்கள். இன்றைக்கு மறுபடி கேட்பார்கள், இரண்டு பேரும் சம்மதம் என்று சொன்னால் முடிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வக்கீல் ஒருவர்தான். அருணகிரி சார். அவருக்கு அதில் பெருமை. சண்டை சச்சரவில்லாத கேஸ், ரெண்டு பேரும் படிச்சவங்க, இப்படித்தான் இருக்கணும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு இன்னொரு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் போனைப் பார்க்கிறேன். போன் என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த மாதிரி இடங்களில் மனிதர்கள் கண்ணை எங்கே வைத்துக்கொள்வார்களோ தெரியவில்லை.

போனில் வாகீசன். யாழ்ப்பாணத்துப் பையன், நேரில் பார்த்ததில்லை. அண்ணை, உந்த முப்பத்தோராவது ஆட்டத்தை இடையிலை நிப்பாட்டிப் போட்டியள், நண்டு தோத்திட்டுது எண்டு கிடக்கு, ஒருக்கால் பாக்கேலுமோ, அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதுகிறவனுக்குத்தான் உயிர் போகிற அவசரம். நண்டு அவன் எழுதிய செஸ் புரோகிராம். எங்கள் குழுவில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு புரோகிராம் எழுதுகிறவர்கள். அவற்றை ஒன்றோடொன்று ஆடவிட்டு, பழையதைவிடப் புதியது தேறியதா இல்லையா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் வீடு வேண்டும். அந்த ஆள் நான். ராத்திரி பகலாக ஓடும். ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் போதாது, ஆயிரக்கணக்கில் ஆடினால்தான் எது உண்மையான முன்னேற்றம் எது குருட்டு அதிர்ஷ்டம் என்று தெரியும். அதனால் எல்லா ஆட்டத்தையும் ராஜா சாகும்வரை ஆடவிட முடியாது. தோற்றது தெரிந்துபோன ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தித் தீர்ப்பு எழுதிவிட வேண்டும். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆடுகிற இரண்டு புரோகிராமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தன் நிலைமை எப்படி என்று ஒரு எண் சொல்லும். ஜெயிக்கிறவன் நான் ஜெயிக்கிறேன் என்று சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை, எவனும் அப்படித்தான் சொல்வான். தோற்கிறவனும் ஆமாம், நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தொடர்ந்து சில நகர்த்தல்களுக்கு ஒத்துக்கொண்டால் நிறுத்தலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதற்குமேல் என்ன வேண்டும். இதைவிட நியாயம் உலகத்தில் உண்டா என்று குழுவில் சவால்விட்டிருக்கிறேன். வாழ்க்கையைச் செஸ்ஸோடு ஒப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்யாணத்துக்கு வாழ்த்த வந்த என் மேனேஜர் மைக்கைப் பிடித்து ராஜா ராணி என்று ஆரம்பித்தார், அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும், மாப்பிள்ளை எங்கே எழுந்து போவது. கழுத்தில் மாலை, பக்கத்தில் வாணி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் லிப்ஸ்டிக் கலைந்து பல்லில் ஒட்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லவா வேண்டாமா என்று அன்று முழுவதும் யோசித்துக் கடைசிவரை சொல்லவில்லை, எல்லாப் போட்டோவிலும் அந்தப் பல் இருக்கிறது.

முப்பத்தொன்று. எங்கே போய்விட்டேன். முப்பத்தோராவது ஆட்டம், வெள்ளை யாளி, கருப்பு நண்டு. யாளி எங்கள் குழுவிலேயே பழைய, பலமான புரோகிராம். இன்றைக்கு எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான். ஒன்பதுக்கு முன்னால் இந்தச் சுற்றை முடித்துவிடலாம் என்று நேற்று விதியைக் கொஞ்சம் தளர்த்தினேன். வழக்கத்தைவிடக் குறைந்த நகர்த்தல்களுக்கு இரண்டும் ஒத்துக்கொண்டாலே நிறுத்து என்று மாற்றினேன். இன்றைக்குக் கோர்ட், அங்கே உட்கார்ந்துகொண்டு மிச்ச ஆட்டத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாம் முடிந்து கிடக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாகீசன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வெள்ளைக்கு ஒரு யானை, கருப்புக்கு அதைவிடப் பலம் குறைந்த வெறும் மந்திரி. இரண்டு பக்கச் சிப்பாய்களும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, நகர இடமில்லை. யானைக்கு ஓடத் தெரு இல்லை. கருப்பு ராஜா உள்ளே உட்கார்ந்து அந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்கும் மாறிக்கொண்டே இருந்தால் போதும், யாரும் கிட்டே வர முடியாது. யானையைப் பலிகொடுத்து உடைக்கலாமா என்று பார்க்கிறேன். இல்லை. நான் பார்த்தவரை இல்லை. அப்படியே ஆடவிட்டிருந்தால் ஐம்பது நகர்த்தலுக்கு எதுவும் வெட்டுப்படவில்லை, சிப்பாய் நகரவில்லை என்று சொல்லி டிரா ஆகியிருக்கும். ஆனால் யாளி ஜெயிக்கிறேன் என்றது, அது சரி, கையில் யானை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கும். நண்டு ஏன் ஆமாம் என்றது. உள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு ஏன் தோற்றுவிட்டேன் என்றது. தூணுக்குப் பக்கத்திலிருந்து இருமல். வாணிக்கு இந்தப் பினாயில் ஆகாது. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருக்கிறாளா, அவள் அம்மா பையில் இருக்கும், அந்தப் பையில் இல்லாதது எது.

அட. நண்டு யாளியைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டது. வாகீசன் அதை மறைக்கவே இல்லை, ஆரம்பத்திலேயே எழுதியிருந்தான். அவனிடம் பெரிய கம்ப்யூட்டர் இல்லை, அதனால் லட்சக்கணக்கான நிலைகளுக்கு யாளி என்ன எண் சொல்கிறதோ அதையே தன் நண்டுக்கு ஊட்டி வளர்த்தான். யாளி எதைக் கண்டு பயப்படுமோ அதைக் கண்டு நண்டும் பயப்படும். யாளிக்கு எது தெரியாதோ அது நண்டுக்கும் தெரியாது. இவை இரண்டும் ஒத்துக்கொண்டால் அது இரண்டு சாட்சி இல்லை. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி. இத்தனை வருடம் இந்த விதியை நான் நியாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, எத்தனை ஆட்டத்தை இப்படி நிறுத்தியிருப்பேன், யார் எண்ணுவது, எண்ணத் தெம்பில்லை. கண் எரிகிறது. நேற்று சரியாகத் தூங்கவில்லை. ஆறு மாதமாகவே சரியாகத் தூங்கவில்லை, கட்டிலில் பாதி காலியாக இருந்தால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். டவாலி கதவைத் திறக்கிறார், நான் பாதி எழுகிறேன், வேறு பெயர். ஒரு பெண் கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு எழுந்து போகிறாள். குழந்தை அழவில்லை, வாங்கிக்கொண்டவர் முகத்தையே பார்க்கிறது.

முன்பெல்லாம் வாணி வந்து பக்கத்தில் உட்காருவாள். செஸ் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது, காய் எப்படி நகரும் என்பதோடு சரி. ஆனாலும் தோற்கிற பக்கத்துக்குத்தான் எப்போதும் கட்சி கட்டுவாள். "ஏனுங்க, அதுக்கு இன்னும் ராஜா இருக்குதுல்ல, அதுக்குள்ள ஏன் நிறுத்தறீங்க?" "இனி இதுல ஒண்ணும் இல்ல வாணி." "அதை அது சொல்லட்டும்." "அதுவே சொல்லிருச்சு, இங்க பாரு நம்பரை." "ஆமா, நீங்க அதைப் போட்டு மெரட்டியிருப்பீங்க." இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இனி இதுல ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்வேனோ, திரையைப் பார்த்துக்கொண்டே, பல் தேய்த்துக்கொண்டே, வாய்ப்பழக்கம். அப்புறம் அவளும் சொல்ல ஆரம்பித்தாள். தீர்ந்துபோன ஷாம்பு பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, இனி இதுல ஒண்ணும் இல்லீங்க. சீரியலைப் பாதியில் அணைத்துவிட்டு, இனி இதுல ஒண்ணும் இல்ல. சிரிப்போம். அப்புறம் எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் காலையிலிருந்து பேசவில்லை, கோபமும் இல்லை, பேச எதுவும் வரவில்லை அவ்வளவுதான். சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள், "நமக்குள்ள இனி ஒண்ணும் இல்லீங்களாட்ட இருக்குது." நான் என்ன சொன்னேன். போய்ப் படுத்தேன். எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் சொன்னது அவள். தோற்கிற பக்கத்துக்குக் கடைசிவரை கட்சி கட்டுகிறவளே சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதை வைத்து மறுப்பது. அதன்பிறகு நானும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன், பார்த்தால் எல்லாமே அப்படித்தான் தெரிந்தது. அவள் தாமதமாக வந்தால் ஒன்றுமில்லை. சீக்கிரம் வந்தாலும் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் இன்னும் உறுதியாகியிருப்பாள். யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கவுன்சலிங் அறையில் ஆலோசகர் அம்மாள் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். முதலில் வாணி, பிறகு நான். நான் சொல்லி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, "அவங்களும் இதே வார்த்தைதான் சார் சொன்னாங்க, வார்த்தை மாறாம. அப்ப நான் பேசறதுக்கு என்ன இருக்குது?" என்றார். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. சரியாகத்தான் கணித்திருக்கிறேன், எதிர்த்தரப்பும் ஒத்துக்கொண்டது என்று ஒரு நிம்மதி.

வியர்க்கிறது. ஃபேன் சுற்றுகிறது, காற்று வேறு யாருக்கோ போகிறது. செஸ்ஸோடு ஒப்பிடக்கூடாது என்று இப்போதுதானே சொன்னேன். நண்டுக்குப் பசிக்காது, நண்டு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழாது. வேண்டாம். அப்படியே ஒப்பிட்டாலும் என்ன கிடைக்கிறது, டிராதானே. ஜெயிக்கவா போகிறது. அந்தக் கட்டத்துக்கும் இந்தக் கட்டத்துக்கும் மாறி மாறி நகர்ந்துகொண்டு, எதுவும் வெட்டுப்படாமல், எதுவும் முன்னேறாமல், ஹாலுக்கும் சமையலறைக்கும், ஆபீசுக்கும் வீட்டுக்கும். அரைப் புள்ளி உண்டு, சரி. ஒரு மனுஷிக்கு, முப்பத்திரண்டு வயசு, அரைப் புள்ளியைக் கொடுத்து இரு என்று எப்படிச் சொல்வது. அவளுக்கு எது வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும். தெரியாது. அதுதான் விஷயம், எனக்குத் தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது. உள்ளே போவேன், கேட்பார்கள், என் வாய் தானாகச் சொல்லிவிடும், அதன்பிறகு ராத்திரி கம்ப்யூட்டர் இரைச்சலில் படுத்துக்கொண்டு அதைச் சொன்னது யார் என்று யோசித்துக்கொண்டிருப்பேன், மிச்சம் உள்ள வருடங்களெல்லாம். வாகீசனுக்கு எழுதுகிறேன். நிறுத்தியது செல்லாது. கரண்ட் வந்ததும் அதே இடத்திலிருந்து கடைசிவரை ஆடவிடுகிறேன். இனிமேல் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்ட புரோகிராம்கள் மோதினால் அவை ஒத்துக்கொண்டாலும் நிறுத்தப் போவதில்லை, இரண்டுக்கும் உறவில்லாத மூன்றாவது ஒன்றைக் கேட்டுத்தான் முடிவு. அவன் உடனே பதில் போடுகிறான். நன்றி அண்ணை, தோத்தாலும் பரவாயில்லை, ஆடித் தோக்கட்டும். ஆடித் தோக்கட்டும். பையனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

எழுந்துவிட்டேன். வராந்தாவைக் கடந்து அந்தப் பக்கம் போக இத்தனை நேரமா ஆகும். வாணியின் அம்மா பையை இறுக்கிக்கொள்கிறார். அத்தை, ஒரு நிமிஷம் என்கிறேன். அவர் வாணியைப் பார்க்க, அவள் தலையசைக்க, எழுந்து தண்ணீர்க்குழாய் பக்கம் போகிறார். உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே கேட்கிறேன். "வாணி, நான் சொன்னது, நாம பேசினது, கவுன்சலிங்ல சொன்னது, எல்லாத்தையும் விட்டுரு. உனக்கு, உனக்கு மட்டும், என்ன தோணுது?" அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், இந்த நேரத்தில் வந்து கேட்கிறானே என்று. படவில்லை. அவள் யோசிக்கிறபோது கீழுதட்டை உள்ளே மடிப்பாள், அதை நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. "இத இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா?" என்கிறாள். "இல்ல." "ம்." ஜன்னலைப் பார்க்கிறாள். "நானே என்னைய கேட்டுக்கலைங்க. பொள்ளாச்சி போனதுக்கப்புறந்தான் கேட்டேன். அம்மா வீட்டு மாடியில சாயங்காலமானா தனியா ஒக்காந்துக்குவேன். மொத ரெண்டு மாசம் அழுதேன், திரும்பி வந்தரலாமான்னுகூட இருந்துச்சு. அப்புறம் ஒரு நாளு நானே என்னமோ பேசிட்டு, சிரிச்சுட்டு இருக்கறேன். நான் பேசறது எனக்குக் கேட்டுச்சு. உங்ககூட இருந்தப்ப கேக்கலைங்க. நீங்க ஒண்ணுஞ் செய்யல, உங்களக் குத்தஞ் சொல்லல. எனக்குக் கேக்கல, அவ்வளவுதான். அது எனக்கு வேணும்." குரலில் நடுக்கம் இல்லை. ஒரு வார்த்தைகூட எனக்குப் பழக்கமான வார்த்தை இல்லை. "ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னு நான் சொல்லல. நெறைய இருந்துச்சு. ஆனா நான் திரும்பி வர்லீங்க." நான் தலையசைத்தேன். "உங்களுக்கு?" என்றாள். நான் பதில் யோசிக்காமலே வந்திருந்தேன், கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். தொண்டையில் அந்தப் பழைய வாக்கியம் தயாராக நிற்கிறது, அதைத் தள்ளிவிட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன், இருக்கிறது, இவ்வளவு நாள் எங்கே இருந்ததோ. "எனக்கு நீ வேணும்" என்றேன். சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. நெஞ்சு வலிக்கிற மாதிரி உண்மை. அவள் கண் நிறைந்தது, ஆனால் முகம் மாறவில்லை. "இப்பத்தான் தெரியுதுங்களா?" "இப்பத்தான்." "பரணிதரன், கோகிலவாணி" என்றார் டவாலி, தலையை மட்டும் நீட்டி, ஒரே மூச்சில்.

நடக்கிறேன். ஒரே கதவு, இருவரும் சேர்ந்து போக முடியாது, அவளை முன்னால் விடுகிறேன். இரண்டு பேரும் முதன்முதலாக ஒத்துப்போகவில்லை. ஆறு மாதமாக, ஒரு வருடமாக ஒத்துப்போய்க்கொண்டே இருந்துவிட்டு இந்தக் கதவு வாசலில் ஒத்துப்போகவில்லை. என் விதிப்படி நிறுத்தக்கூடாது. நான் சம்மதமில்லை என்று சொன்னால் போதும், சட்டமும் நிறுத்தாது, விவாகரத்து இல்லை, இன்னொரு தேதி, இன்னொரு ஆறு மாதம், வாணி பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து இதே பினாயிலில் இருமிக்கொண்டிருப்பாள். அந்த மாடியில் அந்த நிம்மதி இருக்காது. ஆடவிடு என்று சொல்வது சுலபம், ஆடுகிறது அவளுடைய நாள். நடுவரைக் கூப்பிடுவது ஆட்டக்காரனுக்கு முடிவு தெரியாதபோது. ஆட்டக்காரனே கையை நீட்டி, ஆட்டம் உன்னுடையது என்று சொல்ல எந்த விதியும் வேண்டியதில்லை, யாரும் எண் பார்க்க வேண்டியதில்லை. அருணகிரி சார் எங்கிருந்தோ ஓடிவந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு எங்கள் நடுவில் நிற்கிறார். உள்ளே வெளிச்சம் அதிகம். ஜட்ஜ் வயதான அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார், அவரும் களைத்திருக்கிறார், காலையிலிருந்து எத்தனை ஜோடியோ. "ஆறு மாசம் டைம் குடுத்திருந்தோம். யோசிச்சீங்களாம்மா?" "யோசிச்சேங்க. சம்மதங்க." "யாரும் கட்டாயப்படுத்தலையே?" "இல்லீங்க." அவர் கண்கள் என் பக்கம் திரும்புகின்றன. காது இரண்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. வாணி என்னைப் பார்க்கவில்லை, மேஜை விளிம்பைப் பார்க்கிறாள், அவள் மூச்சு நின்றிருப்பது எனக்குத் தெரிகிறது. "நீங்க சொல்லுங்க சார்." "சம்மதங்க அம்மா" என்றேன். என் குரல் எனக்குக் கேட்டது. யாரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட குரல் இல்லை. ஜட்ஜ் அம்மாள் திருப்தியோடு தலையசைத்துப் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே மனசா இருக்கீங்க. நல்லது" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் வாணி திரும்பி என்னைப் பார்த்தாள்.